மெல்லிய மடிக்கணினி: வேகமும் வெப்பமும் (வாசகர் கேள்வி - பதில்)

தொழிலுக்குப் பயன்படும் மெல்லிய மடிக்கணினிகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: கட்டட உட்புற வடிவமைப்பு என் தொழில். இன்டெல் கோர் ஐ7 13700எச் புராசசர் கொண்ட, 2 கிலோவுக்கும் குறைவான மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். ரெண்டரிங் (வடிவமைப்பைக் கணினி முழுப் படமாக உருவாக்கும் வேலை) தொடங்கிய முதல் நிமிடத்தில் மிக விரைவாக ஓடுகிறது. பிறகு வேகம் இறங்கி, கடைசிவரை அங்கேயே நிற்கிறது. இதே புராசசர் உள்ள தடித்த மடிக்கணினியில் என் நண்பர் அதே கோப்பை எனக்கு வெகு முன்னதாக முடித்துவிடுகிறார். என் இயந்திரத்தில் பழுது ஏதும் இருக்குமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுதாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. இந்தப் புராசசருக்கு இன்டெல் நிறுவனம் இரண்டு மின் அளவுகளைக் குறிப்பிடுகிறது. அடிப்படை அளவு 45 வாட். உச்ச அளவு 115 வாட். உச்ச அளவு சிறிது நேரத்துக்கு மட்டும் உரியது. அந்த நேரம் கடந்ததும் புராசசர் ஒரு நீடித்த அளவுக்கு இறங்கியாக வேண்டும். அந்த நீடித்த அளவு எவ்வளவு என்பதை நடைமுறையில் முடிவு செய்வது மடிக்கணினியைத் தயாரிக்கும் நிறுவனம்தான். ஆகவே ஒரே பெயர் கொண்ட புராசசர், மெல்லிய உடலுக்குள் 35 அல்லது 40 வாட்டிலும், தடித்த உடலுக்குள் அதைப்போல் இரு மடங்கு வாட்டிலும் தொடர்ந்து ஓடக்கூடும். வாங்கும்போது கடைக்காரர் காட்டும் விவரத் தாளில் புராசசரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வேகத்தை உண்மையில் தீர்மானிக்கும் இந்த வாட் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. தொழிலுக்காகப் பெரும் பணம் செலவிடுகிற ஒருவருக்கு மறைக்கப்படக் கூடாத விவரம் இது என்பது என் உறுதியான கருத்து.

முதல் நிமிட வேகத்துக்குக் காரணம் எளியது. புராசசர் சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் செம்பாலான ஹீட் பைப் வழியாக, நெருக்கமாக அடுக்கப்பட்ட உலோகத் தகடுகளுக்குச் சென்று, அங்கிருந்து விசிறி தள்ளும் காற்றோடு வெளியேற வேண்டும். தொடக்கத்தில் இந்த உலோகம் குளிர்ந்திருப்பதால், வெளியேற்ற முடிந்ததைவிட அதிக வெப்பத்தைச் சிறிது நேரம் உள்வாங்கிக்கொள்ளும். அடியில் துளையுள்ள குடத்தில் வேகமாக நீர் ஊற்றும்போது, குடம் நிரம்பும்வரை துளையின் அளவு நமக்குப் பொருட்டாக இராது. நிரம்பிய பிறகோ துளை எவ்வளவு விடுமோ அவ்வளவுதான் ஊற்ற முடியும். உங்கள் இயந்திரம் முதல் நிமிடத்துக்குப் பிறகு வந்து நிற்கிற வேகம், அதன் துளை அனுமதிக்கிற வேகம்.

தடிமன் சில மில்லிமீட்டர் குறைவதற்கு வேகத்தில் ஏன் இவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசிறியின் வடிவத்தை மாற்றாமல் அதன் அளவை மட்டும் எல்லாப் பக்கமும் 10 விழுக்காடு குறைத்தால், அதே சுழற்சி வேகத்தில் அது தள்ளும் காற்று ஏறக்குறைய 27 விழுக்காடு குறைந்துபோகும், ஏனெனில் காற்றின் அளவு விசிறியின் அளவுக்கு முப்படி விகிதத்தில் மாறுகிறது. இழந்த காற்றை மீட்க விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றினால் இரைச்சல் கூடும். தகடுகளின் உயரமும் குறைவதால் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் பரப்பும் சுருங்குகிறது.

ஆறுதலான செய்தியும் இதில் உண்டு. புராசசரின் கடிகார வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் சேர்த்து உயர்த்த வேண்டியிருப்பதால், வேகம் சிறிது கூடும்போது மின் தேவை பல மடங்கு வேகத்தில் ஏறுகிறது. ஏறத்தாழ அது வேகத்தின் முப்படிக்கு ஒத்துச் செல்கிறது. இதைத் திருப்பிப் பாருங்கள்: மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகாது, கணக்குப்படி சுமார் 79 விழுக்காடு மிஞ்சும். எனவே நண்பரின் இயந்திரம் 80 வாட்டிலும் உங்களுடையது 40 வாட்டிலும் ஓடினால், அவர் 40 நிமிடத்தில் முடிக்கும் வேலை உங்களுக்குச் சுமார் 50 நிமிடம் எடுப்பது இயல்பு. அதைவிட மிக அதிகமாக எடுத்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, ரெண்டரிங் ஓடும்போது புராசசரின் வெப்பநிலையையும் அது எடுக்கும் வாட்டையும் அருகருகே பாருங்கள். வெப்பநிலை 80 டிகிரி அளவில் நிற்க, வாட் மட்டும் ஓர் எண்ணில் அசையாமல் நின்றால், அது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. இயந்திரத்துடன் வந்த நிர்வாக மென்பொருளில் உச்ச செயல்திறன் நிலையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரம்பு சற்று உயரலாம், விசிறியின் சத்தமும் உயரும். மாறாக, வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருக்க, வாட் 25, 20 என்று இறங்கிக்கொண்டே போனால், தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது அல்லது சிப்புக்கும் ஹீட் பைப்புக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை சரியாகப் படியவில்லை என்று பொருள். அப்போது வாரன்டியில் சர்வீஸ் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கேள்வி: குறும்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்கிறேன். மேக்புக் ஏர், மேக்புக் ப்ரோ இரண்டிலும் ஒரே சிப் கிடைக்கிறபோது, விசிறிக்காக ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?
வாசகி, சென்னை

பதில்: ஒரே சிப்பைக் குளிரூட்டும் வசதியோடும் அது இல்லாமலும் ஒப்பிட 2020 நவம்பரில் நல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஆப்பிள் நிறுவனம் எம்1 சிப்பை விசிறி இல்லாத மேக்புக் ஏரிலும், விசிறியுள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டது. ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனைகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே முடிவைத் தந்தன. சோதனையை நிறுத்தாமல் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டியபோது ஏரின் வேகம் படிப்படியாகக் குறைந்தது. ப்ரோ தன் வேகத்திலேயே நின்றது. அதற்குப் பின் வந்த சிப்களிலும் இதே கதைதான்.

ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது உங்கள் வேலையின் சுமை எத்தனை நிமிடம் இடைவிடாமல் நீடிக்கிறது என்பதே. டைம்லைனில் வெட்டி ஒட்டும் வேலையில் சிப் சில வினாடி உழைக்கிறது, பல வினாடி காத்திருக்கிறது. அந்த இடைவெளிகளில் உடல் ஆறிவிடுவதால் ஏர் உங்களை ஏமாற்றாது. வண்ணச் சீரமைப்பு, இரைச்சல் நீக்கம் போன்ற எஃபெக்டுகளைப் போட்டு அரை மணி நேரம் எக்ஸ்போர்ட் செய்வது அன்றாட வேலையானால் விசிறி தேவை. வாரத்துக்கு ஒரு முறைதான் அப்படி எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள், அதையும் இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவீர்கள் என்றால், அந்தப் பணத்தைக் கூடுதல் நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் செலவிடுமாறு சொல்வேன், ஏனெனில் அவற்றைப் பிறகு சேர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏசி இல்லை. கத்திரி வெயில் காலத்தில் மடிக்கணினி தடுமாறுகிறது. அறையின் வெப்பம் உண்மையிலேயே இவ்வளவு பாதிக்குமா, கூலிங் பேட் வாங்கினால் பயன் உண்டா?
வாசகர், வேலூர்

பதில்: நிச்சயம் பாதிக்கும், ஆனால் எல்லா இயந்திரங்களையும் ஒரே அளவில் அல்ல. வெளியேறும் வெப்பத்தின் அளவு, சூடான பகுதிக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. விசிறியுள்ள மடிக்கணினி ஒன்றில் சிப் 95 டிகிரி வரை சூடாக அனுமதிக்கப்படுகிறது என்று கொள்வோம். அறை 25 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 70. அறை 35 டிகிரியானால் வேறுபாடு 60. குளிர்ந்த அறையில் 35 வாட்டைத் தாங்கிய இயந்திரம் சூடான அறையில் 30 வாட்டைத் தாங்கும். முன்பு சொன்ன முப்படிக் கணக்கின்படி வேக இழப்பு சுமார் 5 விழுக்காடுதான்.

விசிறி இல்லாத இயந்திரத்தின் நிலைமை வேறு. அதன் உடலே வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு. அந்த உடலை நாம் கையால் தொடுகிறோம், மடியில் வைக்கிறோம். எனவே சிப் தாங்கும் வெப்பநிலைக்கு வெகு முன்பாகவே, மேற்பரப்பின் சூடு வரம்பாகிவிடுகிறது. மேற்பரப்பு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் 20 டிகிரி வேறுபாடு கிடைக்கும். 35 டிகிரி அறையில் 10 டிகிரிதான். வெளியேற்றக்கூடிய வெப்பம் பாதியாகிவிடுகிறது. வெளிநாட்டில் குளிரூட்டப்பட்ட அறையில் எழுதப்பட்ட மதிப்புரையைப் படித்துவிட்டு இங்கே மே மாதத்தில் அதே வேகத்தை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். மேக்புக்குகளைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலையே 10 முதல் 35 டிகிரி வரைதான். நம் கோடையில் நண்பகல் வேளை அந்த மேல் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

கூலிங் பேடைப் பொறுத்தவரை, முதலில் உங்கள் இயந்திரம் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். பல விண்டோஸ் மடிக்கணினிகள் அடிப்பாகத்தின் துளைகள் வழியாக இழுக்கின்றன. மேசைக்கும் அதற்கும் இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளிதான். பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே மூச்சுத் திணறல் குறையும், அதற்கு விசிறி வைத்த பேட் தேவையில்லை. விசிறி இல்லாத இயந்திரத்தை உலோகத் தாங்கியில் நிறுத்தி, மேசை மின்விசிறியின் காற்று அடிப்பாகத்தில் படும்படி வைத்தால் நல்ல பலன் கிடைக்கும். மெத்தை, தலையணை மீது வைத்து வேலை செய்வது இரண்டு வகைக்கும் கெடுதல். மடியில் நேரடியாக வைத்து நாள்தோறும் நெடுநேரம் வேலை செய்பவர்களுக்குத் தொடைத் தோலில் வலைபோன்ற நிறமாற்றம் ஏற்படுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: புராசசர் 95 டிகிரியில் ஓடினால் எரிந்துவிடாதா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: எரியாது. மடிக்கணினிகளுக்கான இன்டெல் புராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 டிகிரி வரை அனுமதி உண்டு. அதை நெருங்கும்போது அவை தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடேறினால் இயந்திரம் அணைந்துவிடும். நான் கவலைப்படுவது பக்கத்தில் இருக்கும் பேட்டரியைப் பற்றித்தான். லித்தியம் அயான் பேட்டரிகள் சூட்டில் விரைவாக முதுமையடைகின்றன. முழுச் சார்ஜில் சூடாக இருப்பது அவற்றுக்கு மிகக் கெடுதலான நிலை. நாள் முழுவதும் சார்ஜரில் செருகி வைத்துக் கடும் வேலை வாங்குபவராக இருந்தால், சார்ஜ் 80 விழுக்காட்டில் நிற்கும்படியான அமைப்பை இன்றே இயக்குங்கள்.

கேள்வி: இவ்வளவு சிக்கல் என்றால் நிறுவனங்கள் தொழில்முறைப் பயனாளர்களுக்குச் சற்றுத் தடித்த மடிக்கணினியைத் தயாரிக்கக் கூடாதா?
வாசகர், மதுரை

பதில்: தயாரிக்கலாம், அப்படித் தயாரித்தும் இருக்கிறார்கள். 2018 ஜூலையில் ஆப்பிள் தன் 15 அங்குல மேக்புக் ப்ரோவில் ஆறு கோர் கொண்ட கோர் ஐ9 புராசசரை வைத்து விற்றது. அதன் அறிவிக்கப்பட்ட அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ். சில நாட்களிலேயே, காணொளியை எக்ஸ்போர்ட் செய்யும்போது அது அந்த வேகத்தைக்கூடத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பதையும், முந்தைய ஆண்டின் ஐ7 இயந்திரத்தைவிட மெதுவாக முடித்தது என்பதையும் ஒரு யூடியூப் விமர்சகர் காட்டினார். ஜூலை 24 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, வெப்ப நிர்வாக மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்ததாக விளக்கி, திருத்தம் வெளியிட்டது. திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டது. ஆயினும் அந்த 15.5 மில்லிமீட்டர் உடலுக்குள் அப்படியொரு புராசசர் நெருக்கடியில்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் தடிமன் 16.2 மில்லிமீட்டராகவும் எடை சுமார் 2 கிலோவாகவும் கூடின. ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் தொகுதி) 35 விழுக்காடு பெரிதாகியது, காற்றோட்டம் 28 விழுக்காடு உயர்ந்தது, கடும் வேலையில் முன்பைவிட 12 வாட் கூடுதலாகத் தாங்க முடிந்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது. தடிமனில் 0.7 மில்லிமீட்டரும் எடையில் 200 கிராமுக்குக் குறைவாகவும் கூட்டிக்கொண்டதில் கிடைத்தது இது. நாள் முழுதும் பையில் சுமப்பவருக்கு 200 கிராம் பெரிதாகத் தோன்றலாம். இருந்தும் இந்தப் பண்டமாற்றில் பயனாளருக்கே லாபம் என்று நான் கருதுகிறேன்.

வேறொரு வழியும் இருக்கிறது: குறைந்த வாட்டில் நன்றாக ஓடும் சிப்பையே மெல்லிய உடலில் வைப்பது. 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் பெரும்பாலானவற்றின் அடிப்படை அளவு 17 வாட், உச்சம் 37 வாட். 115 வாட் கேட்கும் புராசசரை மெல்லிய உடலில் திணித்து அதன் கையைக் கட்டுவதைவிட இது நேர்மையான வடிவமைப்பு. கனமான ரெண்டரிங் செய்பவர்களுக்கு இது போதாது. எழுத்து, கணக்கு, நிரலாக்கம், புகைப்படத் திருத்தம் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் சிப் உள்ள மெல்லிய மடிக்கணினி, ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள தடித்த மடிக்கணினி. முப்பரிமாண அனிமேஷன் படிக்கும் என் மகளுக்கு எதை வாங்குவது?
வாசகி, திருச்சி

பதில்: பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அம்மா. மடிக்கணினிகளுக்கான இந்த இரு கிராபிக்ஸ் சிப்களையும் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைக்க என்விடியா அனுமதிக்கிறது. உதாரணமாக, 18 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட 2023ஆம் ஆண்டு டெல் எக்ஸ்பிஎஸ் 15 மடிக்கணினியில் 4070 சிப் 40 வாட்டில் இயங்கியது. டெல் அதை விவரத் தாளிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தது பாராட்டத்தக்கது. முழு 115 வாட் பெறும் 4060, அப்படிப்பட்ட 4070ஐ நீண்ட ரெண்டரிங்கில் முந்திவிடும். இரண்டிலும் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜிபிதான் என்பதால் அந்த வகையிலும் 4070க்குச் சாதகம் இல்லை.

முன்பு குறைந்த வாட்டில் ஓடும் சிப்களின் பெயரோடு மேக்ஸ்-கியூ என்ற அடையாளம் ஒட்டியிருக்கும். 2021இல் அந்த அடையாளம் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வாட் அளவை வெளியிடும் பொறுப்பு தயாரிப்பாளர்களிடம் விடப்பட்டது. கடையில் "இந்த மாடலில் கிராபிக்ஸ் எத்தனை வாட்?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரத் தாளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல மெல்லிய இயந்திரங்களில் புராசசரும் கிராபிக்ஸும் ஒரே ஹீட் பைப்புகளைப் பகிர்ந்துகொள்வதால், இரண்டும் ஒருங்கே உழைக்கும்போது இரண்டுமே குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உங்கள் மகள் விடுதி மேசையில் வைத்தே வேலை செய்வார் என்றால், தடித்ததையே வாங்குங்கள்.

கேள்வி: அண்டர்வோல்டிங் செய்தால் சூடு குறையும் என்கிறார்கள். என் மடிக்கணினியில் அந்த வசதி பூட்டப்பட்டிருக்கிறது. ஏன்?
வாசகர், ஈரோடு

பதில்: புராசசருக்குச் செல்லும் மின்னழுத்தத்தை, வேகத்தைக் குறைக்காமல், சிறிதளவு குறைப்பதே அண்டர்வோல்டிங். மெல்லிய மடிக்கணினிகளுக்கு இது ஒரு காலத்தில் அருமருந்தாக இருந்தது. 2019 டிசம்பரில் பர்மிங்காம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மென்பொருள் வழியாக மின்னழுத்தத்தைக் குறைத்து இன்டெல் புராசசரின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் பிழைகளை உண்டாக்க முடியும் என்று நிரூபித்தார்கள். அத்தாக்குதலுக்கு பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதைத் தடுக்க இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது, தயாரிப்பாளர்கள் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளில் அந்த வசதியைப் பூட்டினார்கள். பழைய பயாஸுக்குத் திரும்பிப் பூட்டைத் திறக்கும் வழிகள் இணையத்தில் சொல்லப்படுகின்றன. வாடிக்கையாளர்களின் கோப்புகளை வைத்திருக்கும் தொழில் இயந்திரத்தில் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திரவ உலோகத்தை வெப்பப் பசைக்குப் பதிலாகத் தாமே பூசிக்கொள்வதும் அதே வகை அபாயம்தான். காலியம் கலந்த அந்த உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி சிந்தினாலும் மதர்போர்டு போய்விடக்கூடும்.

பூட்டைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்டோஸின் மின் அமைப்புகளில் புராசசரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால், உச்ச வேகத்துக்குத் தாவும் டர்போ வசதி அணைந்துவிடும். சில புதிய இயந்திரங்களில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும். தட்டச்சு, கூட்ட அழைப்பு, இணைய உலாவல் போன்ற வேலைகளில் விசிறி ஓயாமல் ஓடுவது தொல்லையாக இருந்தால், பேட்டரியில் இயங்கும்போது 99 விழுக்காட்டிலும், சார்ஜரில் இருக்கும்போது 100 விழுக்காட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டரிங் நாட்களில் சார்ஜரைச் செருகினால் முழு வேகமும் தானே திரும்பிவிடும்.